இன்வெர்ட்டரில் மீட்டர் 180 காட்டுகிறது, எதை நம்புவது?

பர்மாவின் பெகு நகரில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்கிறார்: லைன் கரண்ட் இருக்கும்போது அவருடைய மல்டிமீட்டரும் எலக்ட்ரீஷியனுடைய மீட்டரும் ஒன்றுபோல 226 வோல்ட் காட்டுகின்றன. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது இவருடையது 180, அவருடையது 230. எது கெட்டுப்போனது, இன்வெர்ட்டரில் வோல்ட்டைக் கூட்டச் சொல்லட்டுமா?

கூட்டாதீர்கள் தம்பி. இரண்டு மீட்டருமே நன்றாகத்தான் இருக்கின்றன.

விலை குறைந்த மீட்டர், மாறி மாறி இருபக்கமும் ஓடும் ஏசி மின்சாரத்தை ஒரே பக்கமாக நேராக்கி, சராசரி எடுத்து, அதை 1.11ஆல் பெருக்கிக் காட்டும். அந்த 1.11 சைன் அலைக்கு, அதாவது லைன் கரண்டைப் போல வளைந்து ஏறி இறங்கும் அலைக்கு மட்டுமே சரிவரும். உங்கள் இன்வெர்ட்டர் அநேகமாக ‘மாடிஃபைடு சைன்’ வகை, அதாவது அலை வளைந்து ஏறாது, ஒரே தாவாக 325 வோல்ட்டுக்குப் போய்க் கொஞ்சம் நின்று, பூஜ்யத்துக்கு விழுந்து, அப்புறம் மறுபக்கம் தாவும். பாதி நேரம் 325, பாதி நேரம் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: சராசரி 162.5, பெருக்கினால் 180. உங்கள் மீட்டர் காட்டிய அதே எண். ஆனால் சாமான்களைச் சூடாக்கும் உண்மை அளவு 230தான். எலக்ட்ரீஷியனின் மீட்டர் முகப்பில் ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ என்று போட்டிருக்கும், பாருங்கள்; எந்த அலையானாலும் இந்த உண்மை அளவைக் காட்டும் மீட்டர் என்று அர்த்தம்.

இப்போது உங்கள் மீட்டரை நம்பி 230 வரும்வரை கூட்டினால் உண்மையில் 260 வோல்ட் ஓடும், கூட்டுகிற விதத்தைப் பொறுத்து 290கூடத் தொடலாம். பிரிட்ஜுக்கு அது தாங்காது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மற்றபடி 4, 5 வோல்ட் வித்தியாசத்துக்கு மனம் கலங்க வேண்டாம், சாதாரண டிஜிட்டல் மீட்டரில் அது இருக்கும். மீட்டரின் பேட்டரி இறங்கியிருந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், பேட்டரி அடையாளம் திரையில் வந்ததுமே மாற்றிவிடுங்கள். அணைத்த சுவிட்சின் ஒயரில் 60, 80 வோல்ட் தெரிவதும் பெரும்பாலும் பக்கத்து ஒயரிலிருந்து ஏறியதுதான், ஆனாலும் மெயினை அணைக்காமல் கை வைக்காதீர்கள்.

ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் கையில் இல்லையா? சரி, ஒரு பழைய இழை பல்பை மாட்டுங்கள், எல்இடி வேண்டாம். உண்மையிலேயே 180 என்றால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்ச் சிவந்து எரியும். லைன் கரண்டில் எரிந்த மாதிரியே எரிந்தால் இன்வெர்ட்டரைத் தொடாதீர்கள்.