கருப்புக் காரும் வேட்டித் துணியும்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. நாலு மாசத்துக்கு முன்னாடி கருப்பு கலரில் புது கார் எடுத்தேன். ஆசையா வாங்கின வண்டின்னு தினமும் காலையில் பழைய வேட்டித் துணியை வைத்து ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். ஞாயிற்றுக்கிழமை போர் தண்ணியில் கழுவுவேன். இப்போது வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடு. கழுவி முடித்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. நல்ல வாக்ஸ் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா? எதை வாங்கலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, வாக்ஸ் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் அந்த வேட்டித் துணியை வீட்டுக்குள் கொண்டுபோய் ஜன்னல் துடைக்கக் கொடுத்துவிடுங்கள். கோடு போட்டது அதுதான். சரியாகச் சொன்னால், அதற்கு அடியில் சிக்கிய மண். ஆனி, ஆடிக் காற்று அடிக்கிற மாசங்களில் நம்ம ஊரில் ஒரு ராத்திரிக்குள் வண்டி மேல் எவ்வளவு தூசி படிகிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தத் தூசியில் பாதி நைசான மணல். மணல், பெயிண்டைவிடக் கடினமானது. காய்ந்த தூசி மேல் காய்ந்த துணியைப் போட்டு இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். பக்கத்து வீட்டு வெள்ளைக் காரிலும் இதே கோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கருப்பு, கருநீலம், அடர் சிவப்பு மூன்றும் எதையும் மறைக்காது.

சொல்லிக்கொடுக்க எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? என்னுடைய முதல் வண்டி கருநீலம். இரண்டு வருஷம் இதே வேலையைத்தான் செய்தேன், பனியன் வேஸ்ட்டை வைத்து. விற்கப் போன இடத்தில் வாங்க வந்தவர் செல்போன் டார்ச்சை பானட் மேல் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் விலையைக் குறைத்தார்.

இன்றைய கார்களில் கலருக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும், கிளியர் கோட் என்பார்கள். மினுமினுப்பு அதில்தான். தலைமுடியை விட மெலிசு. உங்கள் கோடுகள் அந்தப் பூச்சில்தான் இருக்கின்றன, கலருக்குள் இறங்கவில்லை. கோட்டுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவில்லை என்றால் பாலிஷில் போகும். தட்டினால் பாலிஷ் போட்டும் பயனில்லை, அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் வைக்கிற டச்சப்புக்குத்தான் போக வேண்டும்.

கடைக்குப் போனால் நம்மவர்கள் குழம்புவது இங்கேதான். பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு. பாலிஷ் தேய்த்து எடுக்கிற சாமான். கோடு மறையும் அளவுக்குக் கிளியர் கோட்டை லேசாகச் சுரண்டிச் சமன் செய்கிறது. வாக்ஸ் மேலே ஒரு படலம் போர்த்துகிறது, எதையும் எடுப்பதில்லை. டப்பாவில் இரண்டையும் சேர்த்து எழுதி விற்பவர்களும் உண்டு. அதனால் பெயரைப் பார்க்காமல், கீறல் நீக்கும் என்று எழுதியிருக்கிறதா, பாதுகாப்பு என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று பின்பக்கத்தைப் படியுங்கள். கீறல் நீக்கும் என்று இருந்தால் அதில் தேய்க்கிற துகள் உண்டு. பூச்சு இருப்பதே கொஞ்சம், அதை மாசாமாசம் தேய்க்கக் கூடாது. உங்கள் வண்டிக்கு, கழுவும் பழக்கத்தை மாற்றிய பிறகு ஒரே ஒரு தடவை, மெல்லிய பாலிஷ் போதும். பட்டறையில் ரப்பிங் போட்டுத் தருகிறேன் என்று மெஷினை எடுத்தால், எந்த பேட் (மெஷினில் மாட்டித் தேய்க்கிற பஞ்சு), எந்த காம்பவுண்ட் (தேய்க்கிற பசை) என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கருப்பு வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இனித் தண்ணீர். அந்த வெள்ளைப் புள்ளி போர் தண்ணியில் கரைந்திருக்கிற சுண்ணாம்பும் மற்ற உப்பும். தண்ணீர் காய்ந்து போகும், உப்பு தங்கிவிடும். ஒரு சின்ன சோதனை: ஒரு கருப்புத் தட்டில் போர் தண்ணி ஒரு ஸ்பூன், பக்கத்தில் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணி ஒரு ஸ்பூன் விட்டு வெயிலில் காய வையுங்கள். எதில் வெள்ளை வட்டம் விழுகிறது என்று பார்த்த பிறகு நான் சொல்ல ஒன்றும் இருக்காது. முழு வண்டியையும் ஆற்றுத் தண்ணியில் கழுவச் சொல்லவில்லை, குடிக்கிற தண்ணி அது. போர் தண்ணியில் கழுவி, கடைசியாக ஒரே ஒரு வாளி நல்ல தண்ணியை மேலிருந்து வழிய விட்டால் போதும். வீட்டில் ஏசி ஓடுகிறதா? வெளியே சொட்டுகிற தண்ணியைப் பிடித்து வைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். காற்றிலிருந்து இறங்கின ஈரம் அது, உப்பு கிடையாது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணியை மட்டும் சிக்கனம் என்று காருக்கு எடுக்காதீர்கள். வடிகட்டி ஒதுக்கின உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இப்போதே விழுந்திருக்கிற புள்ளிக்கு, வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து, நிழலில், மெத்தென்ற துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிஷம் வைத்து எடுத்து, நன்றாக அலசிவிடுங்கள். புதிய புள்ளி போய்விடும். நாள்பட்டுக் குழி விழுந்தது அந்தப் பாலிஷோடுதான் போகும். புளியும் புளிப்புதானே என்று ஒருவர் கேட்டார். குத்துவிளக்கு இல்லை ஐயா, கார். கோதும் நாரும் சேர்ந்து இன்னும் நாலு கோடு போடும்.

கழுவும் முறை சொல்கிறேன். வெயில் ஏறும் முன்னே, காலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். கருப்பு பானட் சூடு பிடித்தால் ஷாம்பு அப்படியே காய்ந்து திட்டாகிவிடும். முதலில் துணி படாமல் வெறும் தண்ணியை ஓஸில் அடித்து மண்ணை ஓடவிடுங்கள். இதில் அவசரப்படாதீர்கள், பாதி வேலை இதுதான். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணி. கையுறை மாதிரி வரும் மைக்ரோஃபைபர் மிட்டை ஷாம்புவில் முக்கி ஒரு பகுதியைத் தேய்த்ததும், வெறும் தண்ணியில் அலசி மண்ணை அங்கே விட்டுவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவுக்குப் போக வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். சுற்றிச் சுற்றித் தேய்க்காமல் நேர்கோட்டில். சக்கரத்துக்குத் தனித் துணி, அந்தத் துணி பாடி பக்கம் வரவே கூடாது. துணி துவைக்கிற சோப்புத்தூளும் பாத்திர சோப்பும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற ஜோரில் போட்ட வாக்ஸையும் எடுத்துவிடும். துடைக்கப் பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு மெல்ல இழுத்தால் தண்ணியை அதுவே குடித்துவிடும். டவல் தரையில் விழுந்தால் அன்றைக்கு அதைத் தொடாதீர்கள்.

ஆக, காசு போட வேண்டியது மிட், இரண்டு டவல், ஒரு ஷாம்பு. வாக்ஸுக்கு மிச்சமிருப்பது போதும். கார்னாபா என்று எழுதியிருப்பது பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் எடுக்கிற மெழுகு. கருப்பில் நல்ல ஆழமான மினுக்கம் தரும், ஆனால் நம்ம வெயிலில் இரண்டு மாசம் தாண்டினால் ஆச்சரியம். பாலிமர் சீலன்ட் என்று வருவது கூடுதலாக நிற்கும். எதுவானாலும் நிழலில், ஒவ்வொரு பகுதியாக, நகத்தால் வழித்த அளவுக்கு மெலிசாகப் பூசி, மங்கலானதும் துடைத்துவிடுங்கள். அதிகமாகப் பூசினால் அதிகமாக மினுங்கிவிடாது, துடைக்கக் கைதான் வலிக்கும். கருப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் படாமல் பாருங்கள், வெள்ளை பூத்துவிடும்.

இன்னொன்று. சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் "வாட்டர் வாஷ் வேண்டாம்" என்று எழுதி வாங்குங்கள். இலவசமாகக் கழுவித் தருகிறார்கள்தான். நாள் முழுக்க எத்தனையோ வண்டிக்குப் போன அதே ஸ்பாஞ்சு உங்கள் பானட்டுக்கும் வரும்.

கேள்வி: அடர் நீல கார் புக் செய்திருக்கிறேன். டெலிவரிக்கு முன்பே செராமிக் கோட்டிங் போட்டுவிடலாம், 9ஹெச் கடினம், கீறலே விழாது, ஐந்து வருஷம் வாரண்டி என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: செராமிக் கோட்டிங் என்பது கிளியர் கோட்டுக்கு மேல் பூசிக் கெட்டியாக விடுகிற இன்னொரு பாதுகாப்புப் பூச்சு. அது பொய்யில்லை அம்மா, "கீறலே விழாது" என்பதுதான் பொய். 9ஹெச் என்பது பென்சில் கொண்டு கீறிப் பார்க்கும் சோதனையின் கணக்கு. 9ஹெச் பென்சிலைத் தாங்கும் என்று அர்த்தம், மண் படிந்த துணியைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. தண்ணி ஒட்டாமல் உருண்டோடும், கழுவுவது சுலபம், பறவை எச்சம் உடனே அரிக்காது. இவை நிஜமான பலன்கள். கழுவும் பழக்கம் சரியில்லை என்றால் கோட்டிங் மேலேயும் அதே சிலந்தி வலைதான்.

வாரண்டியைப் பேச்சில் வாங்காதீர்கள். எந்தப் பொருள், எத்தனை கோட், அதற்கு முன் பாலிஷ் போடுவார்களா, வருஷத்துக்கு எத்தனை முறை அவர்களிடமே காசு கொடுத்து மெயின்டனன்ஸுக்கு வர வேண்டும், எது எது வாரண்டியில் சேராது, எல்லாம் எழுத்தில் வேண்டும், ஜிஎஸ்டி பில்லோடு. கோட்டிங் எடுத்தால்தான் சீக்கிரம் டெலிவரி என்று யாராவது சொன்னால், அதையும் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் போனால் வெறுங்கையோடு போன மாதிரிதான்.

கேள்வி: வண்டியைக் குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றில் இறக்கிக் கழுவினால் உப்புக்கறை வராதே? டீசல் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும் என்கிறார்களே?
– வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: கறை வராது. உங்கள் வண்டியின் ஆயிலும் சோப்பும் கீழே தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறவர்கள் தண்ணிக்குள் போகும். ஒரு வாளி மொண்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. டீசல் பளபளக்கும், மத்தியானம் வரைக்கும். சாயங்காலம் பார்த்தால் ஊர்த்தூசி எல்லாம் அதில் ஒட்டியிருக்கும், கண்ணாடி, கதவு ஓரங்களில் இருக்கிற ரப்பர் பீடிங்கும் ஊறிப் போகும்.