அடிக்கடி நிமோனியா, கூடவே பிளேட்லெட் குறைவு: முதலில் எந்த டெஸ்ட்?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. இரண்டு வருடத்தில் மூன்று முறை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காதில் சீழும் அடிக்கடி வருகிறது. சமீபத்தில் காலெல்லாம் ரத்தம் கட்டிய தடங்கள். "உடம்பே பிளேட்லெட்டை அழிக்கிறது, ஐ.டி.பி." என்றார் டாக்டர். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டின் எண்ணிக்கை இப்போது 45,000. இன்னும் இறங்கினால் ஐ.வி.ஐ.ஜி. ஏற்றலாம் என்கிறார். ஒருவர் எதிர்ப்புச் சக்தி குறைவு என்கிறார், இன்னொருவர் அதிகம் என்கிறார். இம்யூனிட்டி டானிக் கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: டானிக் வேண்டாம். ஐ.வி.ஐ.ஜி. ஏற்றுவதற்கு முன்பே ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். (கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி வகைகள்) அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐ.வி.ஐ.ஜி. என்பதே ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஐ.ஜி.ஜி.தான். அது ஏறிவிட்டால் ரிப்போர்ட்டில் வருவது உங்கள் பையனின் அளவல்ல, ஊராரின் அளவு. அது வடிய மாதக்கணக்கில் ஆகும். இன்னொன்று: பல லேப்கள் பெரியவர்களுக்கான நார்மல் அளவைத்தான் அச்சிடுகின்றன. 6 வயதுக்கான அளவோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

உங்களிடம் பேசிய இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். 1952இல் அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன், திரும்பத் திரும்ப நிமோகாக்கஸ் தொற்று வந்த 8 வயதுச் சிறுவனின் ரத்தத்தை ஆராய்ந்தார். நோயை எதிர்க்கும் காமா குளோபுலின், அதாவது ஐ.ஜி.ஜி. போன்ற ஆன்டிபாடிகள், அதில் இல்லவே இல்லை. அதையே ஊசியாகப் போட்டுவந்ததும் தொற்று அடங்கியது. எதிர்ப்புச் சக்திக் குறைபாடு என்றால் ஏதோ ஒன்று 'இல்லாமை' என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேர்விட்டது.

இல்லாமல் போவது தாக்கும் படை மட்டுமல்ல, அதை அடக்கும் படையும்தான். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, பிறந்து மூன்றே நாளான எலிக்குட்டிகளின் தைமஸ் சுரப்பியை எடுத்துப் பார்த்தார். டி செல்கள் என்னும் எதிர்ப்புச் சக்தி வெள்ளையணுக்கள் அங்குதான் பக்குவப்படுகின்றன. சுரப்பி போனால் எதிர்ப்புச் சக்தி குன்றும் என்றுதானே நினைப்போம்? எலிகளின் உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கியது. ஆரோக்கியமான எலியின் டி செல்களைச் செலுத்தியதும் அது தடுக்கப்பட்டது. அடக்கிவைக்கும் டி செல்களை 1995இல் அவர் அடையாளம் காட்டினார். 2001இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செல்களை உருவாக்குவதே இந்த மரபணுதான் என்பது பிறகு தெளிவானது. மூவருக்கும் 2025 நோபல் பரிசு.

உங்கள் மகன் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 2014இல் வெளிவந்தது. டி செல்லுக்குப் பிரேக் போடும் சி.டி.எல்.ஏ.4 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானால், ஆன்டிபாடி குறைந்து நெஞ்சுச்சளித் தொற்றும் வரலாம், பிளேட்லெட்டும் அழியலாம், குடலும் புண்ணாகலாம். மூன்றுக்கும் மூன்று டாக்டரிடம் அலைந்தால் காரணம் பிடிபடாது. காரணம் தெரிந்தால் மருந்தும் மாறும்: முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் அபடாசெப்ட், அந்த பிரேக்கின் வேலையைச் செய்கிறது.

உங்கள் பையனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஐ.டி.பி. வந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானே சரியாகிவிடும். ஆனால் மூன்று நிமோனியாவைச் சேர்த்துப் பார்க்கும்போது சும்மா விட முடியாது. ஐ.ஜி.ஜி. குறைவாக இருந்தால் அடுத்து ஃபுளோ சைட்டோமெட்ரி (ரத்தத்தின் எதிர்ப்புச் செல்களை வகை பிரித்து எண்ணும் டெஸ்ட்), தேவைப்பட்டால் மரபணுச் சோதனை. மும்பை என்.ஐ.ஐ.ஹெச்., சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற மருத்துவ நிறுவனங்களில் இதற்கென்றே பிரிவு உண்டு. உங்கள் டாக்டர் மூலமாகவே அணுகுங்கள். சொந்தத்தில் கல்யாணம், குடும்பத்தில் சிறுவயதில் இறந்த பிள்ளைகள் என எதுவும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எல்.ஆர்.பி.ஏ. குறைபாடு (பழுதான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் வரும் நோய்) போன்றவை அப்படிப்பட்ட குடும்பங்களில்தான் அதிகம் தென்படும்.

ரிசல்ட் வரும்வரை அவனுக்கு உயிருள்ள (பலவீனமாக்கிய கிருமி கொண்ட) தடுப்பூசி எதுவும் வேண்டாம், போலியோ சொட்டு மருந்து உட்பட. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்குச் சொட்டு மருந்து கொடுக்கும் முன்பும் டாக்டரிடம் கேளுங்கள். சொட்டு மருந்திலுள்ள வைரஸ் கைக்குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும், அது உங்கள் மகனுக்குத் தொற்றலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும். மூக்கில் ரத்தம் நிற்காவிட்டாலோ, மலம் கறுத்தாலோ, தலைவலியோடு வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும், எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள்.