பொம்மை வீட்டுல தரைய ஒட்டறதுக்கு முன்னாடி லைட்ட முடிச்சிருங்க

"1:12 அளவுல ரெண்டு மாடி பொம்மை வீடு செஞ்சிட்டிருக்கேன், 6 மி.மீ பிளைவுட், மேல ரெண்டு ரூம் கீழ ரெண்டு ரூம், முன்பக்கம் திறந்தே இருக்கும். ஆறு லைட் போடணும். தரைக்கு ஐஸ்கிரீம் குச்சி வாங்கி வச்சாச்சு, இந்த வாரம் ஒட்டிட்டு அப்புறமா லைட் வேலைய பாத்துக்கலாமா? காப்பர் டேப் நல்லதா வயர் நல்லதா? 7 வயசு பொண்ணு விளையாடப்போறா"ன்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

தயவுசெஞ்சு இந்த வாரம் குச்சிய ஒட்டிராதீங்க. கீழ் ரூம் சீலிங்ல ஒரு லைட் தொங்குதுன்னு வைங்க, அதோட வயர் எங்க போகும்? சீலிங்ல ஓட்டை போட்டு மேல எடுத்தா அது நேரா மாடி ரூம் தரையிலதான் வந்து நிக்கும், அங்கருந்து பின்சுவர் வரைக்கும் அந்தத் தரை மேலயே ஓடணும். அதாவது கீழ எரியற லைட்டுக்கு வயர் மாடித் தரைக்கு அடியில. அதனாலதான் லைட்டும் தரையும் ரெண்டு தனி வேலை இல்ல, ஒரே வேலைன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது. என் முதல் வீட்டுல தரைய நல்லா அழுத்தி ஒட்டிட்டேன், ஒரு வருஷத்துல சாப்பாட்டு ரூம் லைட் அணைஞ்சு போச்சு, மேல் தரையில பதினோரு பலகைய உளியால பேர்த்து எடுத்தாதான் வயரே கண்ணுல பட்டுச்சு. அதுலருந்து எந்த வீட்டுலயும் தரைய பிளைவுட்ல நேரா ஒட்டறதில்ல, ஒரு அட்டையில ஒட்டி, டிராயர் மாதிரி முன்பக்கமா உருவி எடுக்கற மாதிரிதான் வைக்கறேன்.

முதல்ல லைட். வயரா காப்பர் டேப்பான்னா, உங்களுக்கு வயர்தான். டேப்ங்கறது பின்னாடி பசையோட வர்ற மெல்லிசு செம்புப் பட்டை, ரெண்டு பட்டைய பக்கத்துல பக்கத்துல சுவர் பூரா ஒட்டிட்டு வேணுங்கற இடத்துல லைட்ட சேத்துக்கலாம், இருபது முப்பது லைட் போடற பெரிய வீட்டுக்கு அது ரொம்ப வசதி. ஆனா ஒரு பட்டை மேல இன்னொரு பட்டைய ஒட்டி திருப்பற மூலையில நடுவுல பசை இருக்கும், அந்தப் பசை கரண்ட்ட சரியா கடத்தாது, இன்னைக்கு எரியும் ஆறு மாசம் கழிச்சு விட்டு விட்டு எரியும், ஒவ்வொரு மூலையையும் சால்டர் பண்ணாதான் நம்பலாம். ஆறு லைட்டுக்கு அவ்ளோ பாடு தேவையில்ல.

மெல்லிசு வயர், 30 கேஜ் போதும். சீலிங்ல 2 மி.மீ ஓட்டை, அந்த ஓட்டையிலருந்து பின்சுவர் வரைக்கும் மாடித் தரையில நேர்கோடா ஒரு காடி, அதாவது நீளமா ஒரு சின்ன பள்ளம் வெட்டுங்க, அகலம் 2 ஆழம் 2 மி.மீ இருந்தா போதும். ஸ்டீல் ஸ்கேல் வச்சு கட்டரால ரெண்டு கீறல் போட்டு நடுவுல இருக்கறத சின்ன உளியால நோண்டி எடுத்தா சுத்தமா வரும், ஒரேடியா அழுத்தாம நாலஞ்சு தடவை மெதுவா கீறுங்க. வயர படுக்க வச்சு மேல மாஸ்கிங் டேப். ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதமா இருங்க, தரைக்கு அடியில ஜாயின்ட்டே வரக்கூடாது. லைட்டுலருந்து கிளம்பற வயர் ஒரே துண்டா வீட்டுக்கு பின்னாடி வந்து நிக்கணும். ரெசிஸ்டர் (கரண்ட்ட குறைக்கற சின்ன துண்டு), ஃபியூஸ், கனெக்டர் எல்லாம் பின்னாடி ஒரே இடத்துல, ஒவ்வொரு ஜோடி வயருக்கும் எந்த ரூம்னு எழுதி ஒட்டிருங்க. மாடி ரூம் லைட்டுக்கு வயர கூரைக்குள்ள எடுத்துட்டு போயிரலாம், அது சுலபம்.

பல்புக்கு வார்ம் ஒயிட் எல்இடி வாங்குங்க. வெள்ளை எல்இடி கிட்டத்தட்ட 3 வோல்ட்ல எரியும், நீங்க குடுக்கப்போறது 12 வோல்ட் டிசி அடாப்டர்லருந்து, மீதி 9 வோல்ட்ட ரெசிஸ்டர் வாங்கிக்கணும். 1,000 ஓம் ரெசிஸ்டர் போட்டா 9 மில்லி ஆம்பியர் ஓடும், சின்ன ரூமுக்கு அதுவே தாராளம். 470 ஓம் போட்டு 20 மில்லி ஆம்பியர் கிட்ட குடுத்தா எரியும்தான், ஆனா ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கும், வீடு மாதிரி இருக்காது. ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர், ஆறும் பேரலல்ல (ஒண்ணோட ஒண்ணு கோக்காம, ஒவ்வொண்ணும் தனித்தனியா அடாப்டரோட சேரணும்), மொத்தமே 54 மில்லி ஆம்பியர்தான், 500 மில்லி ஆம்பியர் அடாப்டர் போதும். எல்இடியோட நீளமான கால் பிளஸ், சால்டரிங் அயர்ன ரெண்டு மூணு செகண்டுக்கு மேல வைக்காதீங்க. வயரோடவே வர்ற ரெடிமேட் லைட் வாங்கினா 3 வோல்ட்டா 12 வோல்ட்டான்னு பாத்துட்டு குடுங்க, 3 வோல்ட்டுக்கு நேரா 12 குடுத்தா அடுத்த நொடியே போயிரும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் கிடந்தா அது ஏசியா டிசியான்னு பாருங்க, ஏசிய எல்இடிக்கு குடுக்காதீங்க.

பொண்ணு விளையாடப்போறான்னு சொன்னதால இத அழுத்திச் சொல்றேன். பட்டன் பேட்டரி வேணாம். நிறைய பொம்மை லைட் அந்த நாணயம் மாதிரி இருக்கற சிஆர்2032 பேட்டரியோடதான் வருது, அத ஒரு குழந்தை விழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் வெந்து புண்ணாயிரும், உங்க பொண்ணு பெரியவதான் ஆனா விளையாட வர்ற குட்டிப்பசங்க? அடாப்டர் சுவர் பிளக்லயே இருக்கட்டும், வீட்டுக்குள்ள 12 வோல்ட் மட்டும் போகட்டும், பிளஸ் வயர்ல 250 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் ஒண்ணு போட்ருங்க, எங்கயாவது ஷார்ட் ஆனா மெல்லிசு வயர் சூடாகறதுக்கு முன்னாடி அது போயிரும்.

இப்ப தரை. இங்கிலாந்துல வின்ட்சர் கோட்டையில இருக்கற மகாராணி மேரியோட பொம்மை வீடு, 1924ல முடிச்சது, அதுவும் உங்களோட மாதிரி 1:12 தான், அதுல அப்பவே எலக்ட்ரிக் லைட் எரிஞ்சிருக்கு. அந்த அளவுல 1 செ.மீ அகலக் குச்சி நிஜ வீட்டுல 12 செ.மீ பலகைக்கு சமம், அதனால ஐஸ்கிரீம் குச்சிய நெடுக்குல பிளக்க வேண்டியதில்ல, ரவுண்டா இருக்கற முனைய மட்டும்தான் வெட்டணும். வளைஞ்சதையும் முறுக்கினதையும் முதல்லயே ஒதுக்கிருங்க, பசை அத நேராக்காது.

ரூமுக்கு பேப்பர்ல அச்சு எடுத்து, அத 1 மி.மீ அட்டையில வெட்டுங்க, சுத்தி ஒரு மி.மீ குறைச்சலா. கலர் அடிக்கறது எப்பவும் ஒட்டறதுக்கு முன்னாடி, பசை பட்ட இடத்துல கலர் ஏறாம வெள்ளைத் திட்டா நிக்கும், அதுக்கப்புறம் என்ன தேய்ச்சாலும் போகாது. ஒரே கலர்ல எல்லாத்தையும் முக்காம சிலத ரெண்டு தடவை, சிலத ஒரு தடவை முக்குங்க, பலகை பலகையா தெரியும். ஒட்டறத முன்விளிம்புலருந்து ஆரம்பிங்க, கண்ணு அங்கதான் விழும், ஒல்லியா வெட்டின கடைசி துண்டு பின்சுவர் ஓரத்துல போயி மறைஞ்சுக்கும். பக்கத்து பக்கத்து வரிசையில ஜாயின்ட் ஒரே கோட்டுல வராம 3 செ.மீயாவது தள்ளி வரட்டும். வெள்ளைப் பசையில தண்ணி இருக்கறதால அட்டை வளையும், பசைய மெல்லிசா தடவி, அட்டைக்கு அடியிலயும் ஒரு பேப்பர ஒட்டிருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கும், பிளாஸ்டிக் ஷீட் போட்டு மேல கனமான புக்க அடுக்கி ஒரு ராத்திரி விடுங்க. காஞ்சதும் 400 நம்பர் உப்புத்தாளால மர ரேகை போற திசையில லேசா தேய்ச்சாப் போதும், அழுத்தினா கலர் போயிரும். வார்னிஷ் மேட்ல ரெண்டு கோட். பளபளன்னு கிளாஸ் வார்னிஷ் அடிச்சா ஒவ்வொரு எல்இடியும் தரையில வெள்ளைப் புள்ளியா தெரியும், மரம் பிளாஸ்டிக் மாதிரி ஆயிரும்.

நிறைய பேர் மறக்கறது ஒண்ணு. குச்சி 2 மி.மீ, அட்டை 1 மி.மீ, தரை மொத்தம் 3 மி.மீ உயரும். கதவு உள்பக்கமா திறக்கற ரூம்னா கதவோட அடிப்பகுதி தரையில இடிக்கும், மாடிப்படியோட கடைசி படியும் 3 மி.மீ தாழ்வா போயிரும். கதவ மாட்டறதுக்கு முன்னாடி ஒரு குச்சியையும் அட்டைத்துண்டையும் அடியில வச்சு திறந்து மூடி பாருங்க. ஸ்கர்டிங்க (சுவரோட அடியில ஓடற பட்டை) சுவர்ல மட்டும் ஒட்டுங்க, தரைக்கு மேல ஒரு பேப்பர் நுழையற இடைவெளி விட்டு, அப்பதான் தரை அதுக்கடியில வழுக்கி வெளிய வரும். முன்விளிம்புல ரெண்டு பொட்டு டபுள் சைட் டேப் வச்சா அசையாது.

தரைய உள்ள தள்றதுக்கு முன்னாடி ஆறு லைட்டையும் மூணு நாலு மணி நேரம் எரிய விடுங்க, வீட்ட லேசா ஆட்டுங்க, ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்து பாருங்க, எதாவது சிமிட்டுச்சுன்னா ஜாயின்ட் சரியில்ல, அப்பவே திருப்பி சால்டர் பண்ணிருங்க. குச்சி வாங்கி வச்சிட்டேன்னு சொன்னீங்கல்ல, லைட் எரிஞ்சிட்டிருக்கற அந்த நேரத்துல பொண்ண பக்கத்துல உக்கார வச்சு குச்சிய பிரிச்சு கலர் முக்க ஆரம்பிச்சிரலாம்.