ஆஸ்திரியப் பண்ணை வீட்டில் ஒரு பனிக்கால வாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரும் குளிர்காலத்தில் குடும்பத்தோடு ஆஸ்திரியக் கிராமப்புறத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்க எண்ணுகிறோம். எங்களில் ஒருவருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. கோடையில் போனால்தான் பண்ணையைப் பார்க்க முடியும், பனியில் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று உறவினர் ஒருவர் கேட்கிறார். அவர் சொல்வது சரியா?
— கோயம்புத்தூர் வாசகி

பதில்: புல்வெளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அவர் சொல்வது பொருந்தும், மாட்டையும் மாடு வளர்க்கும் வீட்டையும் பார்க்கப் போகிறவர்களுக்குப் பொருந்தாது. ஆல்ப்ஸ் மலைப் பண்ணைகளில் கோடை வந்துவிட்டால் கிடேரிகளும், பல இடங்களில் கறவை மாடுகளும், உயரத்திலுள்ள மேய்ச்சல் வெளிகளுக்கு ஓட்டிச் செல்லப்பட்டுவிடும். வீட்டுக்காரர்களோ வெயில் இருக்கும்போதே புல்லை அறுத்து, உலர்த்தி, உள்ளே சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் விருந்தினரோடு நின்று பேசவும் நேரமில்லாமல் இருப்பார்கள். செப்டம்பரில் மந்தை கீழே இறங்கிய பிறகு நிலைமை மாறிவிடுகிறது. மாடுகள் தொழுவத்தில், தீவனம் பரணில், மனிதர்கள் அடுப்படியில் என்று பண்ணை முழுவதும் கூரைக்கடியில் ஒடுங்கிவிடுகிறது. மேற்கு ஆஸ்திரியாவிலுள்ள டிரோல் மாநிலத்தின் பல பகுதிகளிலும் ஃபோரார்ல்பெர்க் மாநிலத்தின் பிரெகென்ஸர்வால்ட் வட்டாரத்திலும் பழைய வீடுகள் முன்பக்கம் குடியிருப்பும் பின்பக்கம் தொழுவமுமாக ஒரே கட்டடமாகவே எழுப்பப்பட்டிருக்கும்.

காலை ஐந்தரை, ஆறு மணிவாக்கிலும் மாலை ஐந்து மணிவாக்கிலும் பால் கறப்பார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு மாலைக் கறவைக்குப் போய் நில்லுங்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எட்டோ பத்தோ டிகிரி இருக்கும். தொழுவக் கதவைத் திறந்ததும் மாடுகளின் உடற்சூட்டில் ஊறிய வெதுவெதுப்பான காற்று வந்து மூக்குக்கண்ணாடியை மூடிவிடும். பரணிலுள்ள திறப்பின் வழியாக உலர்புல்லைக் கவையால் கீழே தள்ளும்போது, சாணி வாடையையும் மீறிக் காய்ந்த பூக்களும் பூண்டுகளும் கலந்த மணம் எழும். நீங்கள் தங்குவது சால்ஸ்பர்க் மாநிலத்தின் பின்ஸ்கவ் வட்டாரமென்றால், செம்பழுப்பு உடலில் முதுகு நெடுக வெள்ளைப் பட்டை ஓடும் பின்ஸ்கவர் மாடுகளைப் பார்க்கலாம். டிரோலுக்குச் சாம்பல் நிற மாடும் ஃபோரார்ல்பெர்க்குக்குப் பழுப்பு மாடும் உரியவை. பல பண்ணைகளில் கன்று ஈனுவதும் இந்தப் பருவத்தில்தான் என்பதால், பிள்ளைகளுக்கு வேறு பொழுதுபோக்கு தேட வேண்டியிருக்காது.

அந்த உலர்புல்லுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த, சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப்புல்லை அறவே கொடுக்காமல், கோடையில் பசும்புல்லையும் மூலிகைகளையும், குளிர்காலத்தில் உலர்புல்லையும் முதன்மைத் தீவனமாகத் தந்து கறக்கும் பாலை ‘ஹாய்மில்ஷ்’, அதாவது உலர்புல் பால், என்று தனியே பிரித்து விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் அதற்கு மரபுச் சிறப்புப் பொருள் என்ற பாதுகாப்பை அளித்தது. ஊறுகாய்ப்புல்லின் வழியாகப் பாலில் சேரும் ஒருவகை நுண்ணுயிர் வித்துகள், மாதக்கணக்கில் பழுக்க வைக்கும் கெட்டியான மலைப் பாலாடைக்கட்டிக்குள் வாயுவை உண்டாக்கி அதை உப்பவும் பிளக்கவும் செய்துவிடும். ஆகவே நல்ல பாலாடைக்கட்டி வேண்டுமென்றால், புல்லை நன்றாகக் காயவைப்பதைத் தவிர மலைவாசிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

பனிச்சறுக்கு தெரியாதது ஒரு குறையே அன்று. பண்ணைகளில் மரச் சறுக்குவண்டி பெரும்பாலும் இருக்கும். பனி அழுத்திச் செப்பனிடப்பட்ட சரிவுப் பாதையில் மேலே நடந்து ஏறி, கால்களால் வேகத்தைக் கட்டுப்படுத்தியபடி இறங்கி வரலாம். தலைக்கவசம் மட்டும் கட்டாயம் அணியுங்கள். ஸ்டைரியா மாநிலத்தின் ராம்சாவ் அம் டாஹ்ஷ்டைன் என்ற ஊர், சமவெளியில் நடை போலச் செல்லும் ‘லாங்லாஃப்’ சறுக்குக்குப் பெயர் பெற்றது. 1999இல் உலகச் சாம்பியன் போட்டி அங்கேதான் நடந்தது. ஓரிரு நாள் பயிற்சியில் இதில் தட்டுத்தடுமாறி நகரத் தொடங்கிவிடலாம். ஆனால் அதற்கென்று பனியில் பதித்த இரட்டைத் தடத்தின் மேல் காலால் நடந்துவிடாதீர்கள். மரியாதை மிக்க அந்த ஊர்க்காரர்கள் குரலை உயர்த்தும் சில சந்தர்ப்பங்களுள் அதுவும் ஒன்று.

கேள்வி: ‘பண்ணை விடுமுறை’ என்று விளம்பரம் செய்பவை உண்மையான பண்ணைகள்தானா, அல்லது நாலு ஆட்டைக் கட்டிவைத்த விடுதிகளா? எப்படிக் கண்டுகொள்வது?
— சென்னை வாசகர்

பதில்: இரண்டு வகையும் இருக்கின்றன. ஆஸ்திரியாவில் ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே, வீட்டாரின் உழைப்பைக் கொண்டே, பத்துப் படுக்கைகள் வரை வாடகைக்கு விடுவதற்கு விடுதித் தொழில் உரிமம் வேண்டியதில்லை. மலைச்சரிவில் பதினைந்து, இருபது மாடுகளை வைத்துக்கொண்டு பாலை மட்டும் நம்பிப் பிழைக்க இயலாத குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய கைகொடுப்பு. வீட்டுத் தலைவர் காலைக் கறவையை முடித்துவிட்டு, பனிச்சறுக்குக்காரர்களை மேலே ஏற்றும் இழுவைக் கம்பியில் வேலைக்கோ, டிராக்டரின் முன்னால் பனி தள்ளும் தகட்டைப் பொருத்தி ஊர்ச் சாலையின் பனியை ஒதுக்கவோ போய்விடுவார். விருந்தினரைக் கவனிப்பது பெரும்பாலும் வீட்டம்மாதான்.

ஆகவே அறைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். இருபது அறையும் நீராவிக் குளியல் மாளிகையும் இருந்தால் அது விடுதிதான், அதில் தவறொன்றுமில்லை, ஆனால் நீங்கள் தேடுவது அதுவன்று. ‘உர்லவுப் அம் பவர்ன்ஹோஃப்’ என்ற பண்ணையாளர் அமைப்பு தன் உறுப்பினர்களைச் சோதித்து, நட்சத்திரங்களுக்குப் பதிலாகப் பூக்களின் எண்ணிக்கையால் தரம் குறிக்கிறது. வசதியைப் பற்றித் தெரிந்துகொள்ள அது உதவும். என் தனிப்பட்ட கருத்து, முன்பதிவுக்கு முன் எழுதும் கடிதத்தில் “குளிர்காலத்தில் எத்தனை மாடுகளைக் கறக்கிறீர்கள்?” என்று கேட்பது எல்லாப் பூக்களையும்விடப் பயனுள்ளது. நேரான எண் வந்தால் அது பண்ணை. மழுப்பலான பதில் வந்தால் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் போவதா, பொங்கல் விடுமுறையில் போவதா?
— மதுரை ஆசிரியை ஒருவர்

பதில்: செலவைப் பார்த்தால் பொங்கல்தான். கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6 வரை விலை உச்சத்தில் இருக்கும். ஒரு வாரத்துக்குக் குறைந்தால் பெரும்பாலும் அறை தர மாட்டார்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள், கழிந்ததும் கூட்டம் கலைந்து, பிப்ரவரிப் பள்ளி விடுமுறை வரை வாடகை இறங்கியிருக்கும். பனியோ அப்போதுதான் நன்றாகப் படிந்திருக்கும்.

ஆனாலும் டிசம்பர் இறுதியில் போகிறவர்களுக்கு ஒன்று கிடைக்கும், ஜனவரி நடுவில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஆண்டின் கடைசி இரவு, ஜனவரி 5 இரவு போன்ற குறிப்பிட்ட இரவுகளில் வீட்டார் ஒரு சட்டியில் தணல் எடுத்து, அதில் சாம்பிராணி போட்டு, வேண்டுதல் சொல்லியபடி ஒவ்வோர் அறையாகப் புகை காட்டி, கடைசியில் தொழுவத்துக்கும் போய்வருவார்கள். இவற்றைப் புகை இரவுகள் என்கிறார்கள். இது சுற்றுலாக் காட்சியன்று, வீட்டு வழிபாடு. அழைத்தால் பின்னால் நடக்கலாம், அழைக்காவிட்டால் கேமராவோடு போய் நிற்கக் கூடாது.

நாள் எதுவானாலும் இரண்டு விவரங்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது உயரம்: ஆயிரம் மீட்டருக்குக் கீழே இப்போதெல்லாம் பனியை நம்ப முடிவதில்லை. மற்றொன்று, வீடு பள்ளத்தாக்கின் வெயில் பக்கத்தில் இருக்கிறதா, நிழல் பக்கத்தில் இருக்கிறதா என்பது. டிசம்பரில் பகலே எட்டரை மணி நேரம்தான். நிழல் பக்கத்துப் பண்ணைகள் சிலவற்றில் வாரக்கணக்கில் நேர்வெயில் விழாது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஊரிலிருந்து நெய், பால்கோவா எடுத்துச் செல்லலாமா?
— கும்பகோணம் வாசகி

பதில்: நெய்யையும் பால்கோவாவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையோ பால் பொருட்களையோ பெட்டியில் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். சுங்கத்தில் கண்டால் பறிமுதல்தான். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

சமையலறையோடு கூடிய குடியிருப்பாக எடுத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பாலைப் பண்ணையிலேயே வாங்கலாம். பச்சைப் பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று அங்கேயும் எழுதி ஒட்டியிருப்பார்கள், நமக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியே சாப்பிடும்போதுதான் கவனம் தேவை. பின்ஸ்கவில் இரும்புச் சட்டியோடு மேசைக்கு வரும் ‘காஸ்நோக்கன்’, மாவுருண்டையும் பாலாடைக்கட்டியும் வதக்கிய வெங்காயமும் சேர்ந்தது; அந்தச் சட்டியிலிருந்தே எல்லோரும் எடுத்து உண்பார்கள். பார்வைக்குச் சைவம்தான், ஆனால் மாவில் முட்டை உண்டு. பாலாடைக்கட்டி உருண்டை மிதக்கும் சூப்பின் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் எடுத்தது. பணியாரம் போன்ற சில பலகாரங்களைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. மரபு முறை மலைப் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் திரட்டுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கே கோடு கிழிப்பது என்பது உங்கள் முடிவு.

கேள்வி: நானும் பத்துக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். அங்கே தொழுவத்தில் கூடமாட வேலை செய்ய விடுவார்களா?
— பொள்ளாச்சி வாசகர்

பதில்: உங்களைத்தான் அவர்கள் முதலில் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஆஸ்திரியாவில் 1981க்குப் பிறகு கோமாரி நோய் வந்ததில்லை. நம் நாட்டில் அது இன்னும் நடமாடுகிறது. அந்தக் கிருமி காலணியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். 2025இல் பக்கத்து நாடுகளான ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும் நோய் தலைகாட்டியபோது ஆஸ்திரியப் பண்ணையாளர்கள் உறக்கமின்றி இருந்தார்கள். ஆகவே உங்கள் தொழுவத்தில் புழங்கிய செருப்பு, உடை எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். போய்ச் சேர்ந்த நாளிலேயே நீங்களும் மாடு வைத்திருப்பவர் என்பதைச் சொல்லிவிட்டு, எத்தனை நாள் கழித்து உள்ளே வரலாம் என்று கேளுங்கள். அவர்கள் கொடுக்கும் ரப்பர் பூட்ஸையும் மேலங்கியையும் மட்டும் அணியுங்கள். இவ்வளவு பக்குவமாக நடந்துகொள்ளும் விருந்தினரிடம் அவர்கள் தீவனக் கவையைக் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். கறவை இயந்திரத்தைத் தொடச் சொல்வார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: விசா, காப்பீடு, பயணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
— திருச்சி வாசகர்

பதில்: டிரோலுக்கும் சால்ஸ்பர்க்குக்கும் வியன்னாவைவிட ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையமே அருகில். அங்கே இறங்கினாலும், அதிக நாள் தங்குவது ஆஸ்திரியாவில் என்றால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆஸ்திரியாவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். பனி விளையாட்டுக் காயங்களையும் ஹெலிகாப்டர் மீட்பையும் பல காப்பீடுகள் சேர்ப்பதில்லை, அந்த இரண்டு வரிகளைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். மலை மீட்புப் படையின் எண் 140.

பனிச் சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் கார் எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ட்ஸெல் அம் ஸே, ஷ்லாட்மிங் போன்ற ஊர்களுக்கு ரயிலிலேயே போய்விடலாம். நிலையத்திலிருந்து பண்ணை வரை பேருந்து உண்டா, இல்லையென்றால் வந்து அழைத்துப் போவார்களா என்பதை முன்பே எழுதிக் கேளுங்கள். கார்தான் வேண்டுமென்றால், நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனியோ உறைபனியோ படிந்த சாலையில் குளிர்கால டயர் கட்டாயம். செங்குத்தான பண்ணைச் சாலைக்குச் சங்கிலியும் தேவைப்படலாம். விரைவுச் சாலையில் ஏறுமுன் கட்டணச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். உள்ளூர்த் தங்கல் வரியும் கடைசி நாள் சுத்தம் செய்யும் கட்டணமும் வாடகைக்கு மேல் தனியாக வரக்கூடும். கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும்.