தன்பாலீர்ப்பாளர்கள் இராணுவத்தில் வெளிப்படையாக வேலை செய்யலாமா? யாழ்ப்பாணத்துச் சனம் இதை எப்படிப் பார்க்கிறது?

செய்யலாம். தடுக்கச் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றாகப் பொய்த்துப் போயிட்டுது. கேள்வியின் இரண்டாம் பாதிதான் சிக்கல்.

யாழ்ப்பாணத்தில் 'ஆமி' என்றால் உத்தியோகம் யாருக்கும் ஞாபகம் வராது. சென்றி, சுற்றிவளைப்பு, வலிகாமம் வடக்கில் இன்னும் முழுதாக விடுபடாத காணி, இவைதான் வரும். அதற்குள் யார் சேரலாம், சேரக்கூடாது என்று யோசிக்க இங்கே யார் மினக்கெட்டார்கள்? புலிகளிடமோ ஆணும் பெண்ணும் காதலிப்பதற்கே முதலில் தடை, பிறகு வயதுக் கட்டுப்பாடு. இந்தக் கதைக்கு அங்கே எங்கே இடம்?

இப்போது கதை வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்ற சொந்தக்கார அக்கா ஒருத்தி, மகள் கனடா இராணுவத்தின் ரிசேர்வ் படையில் சேர்ந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தா. பேச்சோடு பேச்சாக, மகளின் மேலதிகாரி ஒரு பொம்பிளை, அவ கட்டியிருப்பதும் ஒரு பொம்பிளையைத்தான் என்றா. விறாந்தையில் எல்லாரும் தேத்தண்ணியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் மாமா மட்டும் கேட்டார்: "அப்ப எல்லாரும் ஒரே பரக்ஸிலயோ பிள்ளை படுக்கிறது?"

"ஓம் மாமா. அவ நல்ல மனுசி, என்ர பிள்ளைக்கு ஒரு குறையும் விடேல்லை."

அதோடு கதை ஆற்றையோ சம்பந்தத்துக்குத் தாவிவிட்டது.

மாமாவை நக்கலடிக்க மாட்டேன். பிரித்தானியத் தளபதிகளே பல வருசமாக இதைத்தான் கேட்டார்கள். ஆனால் தடை இருந்த காலத்திலும் அதே பரக்ஸில் அவர்களும் படுத்தார்கள்தானே? தடை போன பிறகு பக்கத்துக் கட்டில்காரனுக்கு விசயம் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். 1967இல் இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமில்லை என்று சட்டம் வந்தபோதும் படையினருக்கு அது பொருந்தாது என்று ஒதுக்கி வைத்தார்கள். 1999 செப்டெம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இந்தத் தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2000 சனவரியில் தடை போனது. தடை போனால் மற்றப் படையினர் கூட்டம் கூட்டமாக விலகுவார்கள் என்று வெருட்டியிருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 2023இல் பிரதமர் ரிஷி சுனக் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாலீர்ப்பைக் காட்டி வேலையால் நிற்பாட்டப்பட்டவர்களுக்கு இப்போது 50,000 பவுண்ஸ் நட்டஈடு.

கனடாவின் கதை இன்னும் சுவாரசியம். மிஷெல் டக்ளஸ் அங்கே இராணுவத்தின் விசேட புலனாய்வுப் பிரிவில் அதிகாரி. அவர் பெண்களை விரும்புகிறவர் என்று தெரிந்ததும் பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள்; 1989இல் வேலை போனது. இப்படியானவர்களை எதிரி மிரட்டி உளவு பார்க்க வைப்பான் என்பதுதான் அந்தக் காலத்து வாதம். வெளியில் தெரிந்தால் வேலை போகும் என்று சட்டம் போட்டு, மிரட்டுகிறவன் கையில் கயிற்றைக் கொடுத்ததே அரசாங்கம்தான்! அவர் வழக்குப் போட்டார், 1992இல் தடை நீங்கியது. (அறுபதுகளில் அங்கே அரச ஊழியர்களுக்குப் படங்களைக் காட்டி, கண்மணி விரிகிறதா என்று பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க ஒரு மெஷினே செய்யப் பார்த்தார்கள். அது வேலை செய்யவில்லை என்று சொல்லவும் வேணுமா.)

இலங்கையில் நிலைமை வேறு. 1883இன் தண்டனைச் சட்டக்கோவையில், தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் கிடக்கின்றன. எழுதி வைத்துவிட்டுப் போன வெள்ளைக்காரன் தன் நாட்டில் மாற்றிவிட்டான். நாங்கள் 1995இல் திருத்தி, பெண்களையும் அதற்குள் சேர்த்தோம். நீக்குவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது, அதோடு நிற்கிறது. ஆகவே இங்கே ஒரு சிப்பாய் வெளிப்படையாகச் சொன்னால் குற்றத்தை ஒத்துக்கொண்ட கணக்காகத்தான் பார்ப்பார்கள். பிரிவு போனாலும் படை உடனே மாறிவிடாது: இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் தன்பால் உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளித்து நாலு மாதத்தில், இராணுவத்துக்குள் இதை அனுமதிக்க மாட்டோம் என்று தளபதி பிபின் ராவத் சொல்லிவிட்டார்.

என் கூட்டாளிமார் சிலர் கேட்பார்கள், "ஆமியே வேண்டாம் எண்டு நிக்கிற சனம் நாங்கள், அதில சேருற உரிமைக்கு ஏன் கதைக்கோணும்?" நியாயமான கேள்விதான். எந்தப் படையும் பெருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை. ஆனால் பலாலி முகாமுக்குள் இருக்கும் சிப்பாய்க்கும், திருநெல்வேலியில் அறை எடுத்துக் கம்பஸில் படிக்கிற எங்கள் பெடியனுக்கும் 365அ ஒன்றுதான்: இரண்டு வருசம் வரை மறியல். பொலிஸ்காரன் அதைச் சொல்லி வெருட்டினால் பெடியன் வீட்டில் சொல்லவும் மாட்டான். அப்பா அம்மாவுக்குத் தெரிவதுதான் அவனுக்குப் பெரிய பயம்.

சனத்தின் மனநிலையைக் கேட்டால், இளம் பெடியள் பெட்டையள் தனியக் கதைக்கும்போது "அது அவையின்ர விருப்பம்" என்பார்கள். பெரியவர்கள் கனடாவில் நடந்தால் சரி, கந்தர்மடத்தில் நடந்தால் பிழை என்பார்கள். அந்த அக்காவும் போகும்போது அம்மாவிடம், மேலதிகாரியின் கதையை ஊருக்குள் சொல்லாதேங்கோ, பிள்ளைக்குப் பேச்சுப் பார்க்கிறம் என்றுவிட்டுத்தான் போனா.