முகநூலில் ஒரே ஒரு விமர்சனத்தை மட்டும் நீக்க முடியுமா?

முடியாது. பேக்கரியின் பக்கம் உங்களுடையதே என்றாலும், பிறர் எழுதிய விமர்சனத்தைத் தனியாக அழிக்க உங்களுக்கு வழி இல்லை. முகநூலிடம் புகார் அளிக்கலாம், அவ்வளவுதான்.

ஒரே இரவில் மூன்று பேர் திட்டி எழுதியதால் போட்டிக் கடையின் வேலை என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். கோபித்துக்கொண்ட ஒரு வாடிக்கையாளருக்காக வீட்டார் அனைவரும் எழுதுவதும் உண்டு. என் தையல் கடைக்கு ஒருவருடைய மைத்துனர் வரை வந்து எழுதினார்!

அந்த வாரத்து ஆர்டர் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். தாமதமாகப் போன பிறந்தநாள் கேக் ஏதாவது அகப்பட்டால், விமர்சனத்தின் கீழேயே இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்து, தொலைபேசியில் பேசுங்கள். எந்தப் பெயரும் பொருந்தவில்லை என்றால் மூன்றையும் புகார் செய்யுங்கள்.

பக்கத்தின் அமைப்புகளுக்குள் (Settings) போய் விமர்சனப் பகுதியையே அணைத்துவிடவும் முடியும். ஆனால், உங்களைப் பாராட்டி எழுதியவையும் சேர்ந்தே மறைந்துவிடும்.