மான்ஸ்டர் படத்துக்கு மூளையைக் கழட்டி வெச்சுட்டுத்தான் போகணுமா?

கேட்டவர் சொல்றது இது: 2024-ல வந்த காட்ஸில்லா–காங் (ராட்சசப் பல்லி, ராட்சசக் குரங்கு) படத்தை ஈரோட்டுல கூட்டாளிகளோட பார்த்திருக்கார். அவங்க விசிலடிச்சாங்க, இவருக்குச் சப்புன்னு போயிருச்சு. காரணம் சொல்ல வாயெடுத்தா, "இந்த மாதிரிப் படத்துக்கு மூளையைக் கழட்டி வெச்சுட்டு வரணும்"னு அடக்கிட்டாங்க. அது சரியான்னு கேக்கறார்.

சரியில்லீங்க. அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். படத்தை எடுத்தவனுக்கும் அவமரியாதை, பார்க்கறவனுக்கும் அவமரியாதை. மூளையோட போங்க. ஆனா எந்தப் படத்துக்கிட்ட எதைக் கேக்கணும்னு தெரிஞ்சு போங்க.

நீங்க அனேகமா 2023-ல ஜப்பான்காரங்க எடுத்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' பத்தி நாலு பேர் உருகி எழுதுனதைப் படிச்சுட்டு, அதே சூட்டோட இதுக்குப் போயிருப்பீங்க. அங்கதான் தடுமாற்றம். காட்ஸில்லாவுல ரெண்டு வம்சம் இருக்குதுங்க. ஒண்ணு 1954-ல ஹோண்டா இஷிரோ எடுத்த முதல் படத்தோட வம்சம். ஹைட்ரஜன் குண்டுச் சோதனைச் சாம்பல் ஜப்பான் மீன்பிடிப் படகு மேல விழுந்த அதே வருஷம் வந்த படம், மிருகம்னா அங்க பேரழிவு. மைனஸ் ஒன் இந்த வம்சம். இன்னொண்ணு, அதே ஹோண்டா 1962-ல காங்கையும் காட்ஸில்லாவையும் மோத விட்ட படத்தோட வம்சம். அது மல்யுத்தம், கோதாவுல யாரு எப்படிப் பிடி போடறாங்கன்னு பார்க்கறது. 2021-லயும் 2024-லயும் வந்த காட்ஸில்லா–காங் படங்கள் ரெண்டும் இதுல சேரும். மல்யுத்தத்துல துக்கத்தைத் தேடினாலும் ஏமாற்றம், துக்க வீட்டுல குஸ்தியைத் தேடினாலும் ஏமாற்றம். 2014-ல வந்த அமெரிக்கப் படத்துக்கு அந்த ரெண்டாவது அடிதான் விழுந்துச்சு. 123 நிமிஷப் படத்துல காட்ஸில்லா முகம் காட்டறதே பத்து நிமிஷ அளவுக்குத்தான். குஸ்தி பார்க்க வந்தவங்க கொந்தளிச்சுட்டாங்க.

"அப்ப குஸ்திப் படம்னா எப்படி எடுத்தாலும் ஒத்துக்கணுமா"ன்னு சண்டைக்கு வராதீங்க. அப்படிச் சொல்லல. குஸ்திப் படத்துக்கிட்டயும் கறாராக் கேக்க வேண்டியது ரெண்டு இருக்குது: உருவம், எடை.

முதல்ல உருவம். 2017 படத்துல காங் 104 அடி. வெள்ளியங்கிரி அடிவாரத்து ஆதியோகி சிலை 112 அடி. ஏறக்குறைய அதே உயரம். 1954 காட்ஸில்லா 50 மீட்டர், அதாவது 164 அடி. சேலத்துக்கு அக்கட்டால ஏத்தாப்பூர்ப் பக்கம் இருக்கற முத்துமலை முருகன் சிலையே 146 அடிதான். 2021-ல காங் 337 அடி ஆயிருச்சு, மூணு ஆதியோகி உயரம். காட்ஸில்லா 393. (சாமி சிலையை மிருகத்தோட சேர்த்துப் பேசறேன்னு வருத்தப்படாதீங்க. அண்ணாந்து பார்த்த உயரம் ஒண்ணு மனசுல இருந்தாத்தான் கணக்குப் புரியும், அதுக்கோசரம்தான்.)

ஆனா உயரம் அடியில தெரியறதில்லீங்க, பக்கத்துல நிக்கற பொருள்லதான் தெரியும். பஸ், கரண்டுக் கம்பம், மாடி ஜன்னல். 2024 படத்துல பாதிக்கு மேல பூமிக்கு உள்ளாற இருக்கற உலகத்துல நடக்குது. அங்க பாறையும் பெருசு, மரமும் பெருசு, எதிரிக் குரங்கும் பெருசு. ஒப்பிட ஒண்ணும் இல்லாததால காங் சாதாரண மனுசக் குரங்காத் தெரியுது. உங்களுக்குச் சப்புன்னு போனதுக்கு முக்கியமான காரணம் இதுவாத்தான் இருக்கும். எகிப்துப் பிரமிடுகிட்ட நடக்கற சண்டை மட்டும் கொஞ்சம் நல்லா இருந்துச்சுன்னா, என் யூகம் சரி.

அடுத்தது எடை. பொள்ளாச்சியில 60 அடி நெட்டைத் தென்னையில இருந்து காய் விழுந்தா, தரையைத் தொட ரெண்டு செகண்டு கிட்ட ஆகும். 337 அடியில இருந்து விழுந்தா நாலரை செகண்டு. உயரம் கூடக் கூட எல்லாமே மெதுவாத் தெரியணும். சின்ன பொம்மை ஊரைப் பெருசாக் காட்டறவங்க கணக்கு இதை வெச்சுத்தான். 50 மீட்டர் மிருகமா நடிக்கற ஆளு போடற மிருக உடுப்பு 2 மீட்டர்னா 25-ல ஒரு பங்கு. 25-க்கு வர்க்கமூலம் 5. அதனால செகண்டுக்கு 24 ஃபிரேம்ல எடுக்கறதை அஞ்சு மடங்காக்கி 120-ல எடுத்து, 24-ல ஓட்டணும். அப்பத்தான் இடிஞ்சு விழற சுவர் அட்டை மாதிரித் தெரியாது. 1954-ல காட்ஸில்லாவா நடிச்ச நகாஜிமா ஹருவோ போட்டுக்கிட்ட முதல் உடுப்பே 100 கிலோ கிட்ட இருந்ததாச் சொல்றாங்க. அவரால வேகமா நடக்கவே முடியாது, அதுவே படத்துக்கு எடை குடுத்துச்சு.

கம்ப்யூட்டர்ல இந்தத் தடை எதுவும் இல்லை. காங்கைப் பத்து வயசுப் பையன் மாதிரித் தாவ விடலாம், விடறாங்க. மேட்டுப்பாளையம், தொண்டாமுத்தூர்ப் பக்கம் யானையைக் கிட்டக்கப் பார்த்தவங்களை ஏமாத்த முடியாதுங்க. நாலஞ்சு டன் இருக்கற யானையால குதிக்கவே முடியாது. ஓடறப்பக்கூட நாலு காலும் ஒண்ணா நிலத்தை விட்டு எழும்பாது. எடைன்னா என்னன்னு அதைப் பார்த்த கண்ணுக்குத் தெரியும்.

"யானை சைஸ்லயே இப்படின்னா 300 அடி மிருகம் நிக்கவே முடியாதே"ம்பீங்க. வாஸ்தவம். உயரம் 10 மடங்கானா எடை 1000 மடங்கு, அதைத் தாங்கற எலும்போட குறுக்குவெட்டுப் பரப்பு 100 மடங்குதான். எழுந்து நின்னாலே கால் நொறுங்கிரும். அந்த ஒரு பொய்யை டிக்கெட் வாங்கறப்பவே ஒத்துக்கிட்டோம். நம்ம கோயமுத்தூர் சாண்டோ சின்னப்பா தேவர் கம்பெனி 1977-ல 'ஆட்டுக்கார அலமேலு' எடுத்தப்ப, ஆட்டுக்கு அவ்வளவு புத்தி எங்கிருந்து வந்துச்சுன்னு ஜனம் கேக்கல. ஒரு பொய்யை ஒத்துக்கிட்டு மத்ததை உன்னிப்பாப் பார்க்கறது ஊருக்குப் பழக்கமானதுதான். ரெண்டாவது பொய்யைத்தான் ஒத்துக்கக் கூடாது. முதல் சண்டையில ஒரு அடிக்குச் சாஞ்சவன் கடைசிச் சண்டையில பத்து அடி வாங்கியும் நின்னா, காரணம் கேளுங்க.

இனி தியேட்டர். மிருகத்துக்குப் பாதி எடை சத்தத்துலதான் இருக்குது. காட்ஸில்லா உறுமலே, டபுள் பேஸ் வாத்தியத்தோட தந்தியைத் தளர்த்திப் பிசின் தடவின தோல் கையுறையால தேச்சு, இசையமைப்பாளர் இஃபுகுபே அகிரா உண்டாக்குனது. இந்தப் படங்களோட ஒலியைக் கலவை பண்றப்ப டால்பி கருவியில 7-ங்கற அளவுல வெச்சுத்தான் பண்றாங்க. பல தியேட்டர்கள்ல அதை 5-க்கு இறக்கி ஓட்டறாங்க. 6, 7 டெசிபல் போயிருது. சத்தம் குறைஞ்சா காதுல முதல்ல மறையறது கனத்த பேஸ் சத்தம்தான், பேச்சு தப்பிச்சுக்கும். அதனால ஆப்பரேட்டருக்குக் குறை தெரியாது, நமக்கு மட்டும் மிருகம் காத்துப் பொம்மையாயிரும். வரிசைக்கு நடுவுல, திரையில இருந்து மூணுல ரெண்டு பங்கு பின்னால உக்காருங்க. 3டி வேண்டாம். 2டி-க்குத் திரை வெளிச்சம் 14 ஃபுட்-லேம்பர்ட் (வெளிச்சத்தை அளக்கற அலகு)னா 3டி-ல நாலரை கிட்டத்தான் வந்து சேரும், ராத்திரிச் சண்டையெல்லாம் சேறாயிரும். டிரெய்லர்ல முதல்ல வர்ற சின்ன டீசரோட நிறுத்திக்கங்க, ரெண்டாவதுல கடைசிச் சண்டையையே போட்டுடறாங்க.

குஸ்திப் படத்துக்கு முதல் நாள் பொழுதோட ஆட்டம், தமிழ் டப்பிங், கூட்டத்தோட. துக்கப் படத்துக்கு மூல மொழி, கூட்டமில்லாத நாள். டப்பிங்னு சொன்னதும் இதைச் சொல்லாம விட முடியல: கொங்குத் தமிழ் வந்தாலே அது சிரிக்க வைக்கற ஆளுக்குத்தான். விஞ்ஞானி, ராணுவ அதிகாரி, அழுகற அம்மா யாருக்கும் எங்க பேச்சு இல்லை. மரியாதை விகுதியே மூச்சா இருக்கற தமிழுங்க இது, அதுல ஒரு விஞ்ஞானி பேசினா என்ன குறைஞ்சு போகும்? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனா ஒவ்வொரு படத்துலயும் உறுத்துது.

அடுத்து 1954 படத்தைப் பாருங்க. தேடறப்ப 1956-ல அமெரிக்கப் பத்திரிகைக்காரர் பாத்திரத்தை ஒட்டுப்போட்டு வெளியிட்ட 80 நிமிஷப் பதிப்பு மாட்டும், அதை விட்டுருங்க. டிவி ஸ்பீக்கர் வேண்டாம், காதை மூடற ஹெட்போன் போடுங்க. கறுப்பு வெள்ளையில, ஜப்பான் பேச்சோட, 96 நிமிஷம் ஓடறதுதான் மூலப் படம்.